டேனிய மொழியில் 'மக்த்' என்னும் சொல்

ஆற்றல், அதிகாரம், ஆட்சி, அரசு எனத் தமிழில் நாம் வேறு வேறாகப் பிரித்து வழங்கும் பொருள்களை டேனிய மொழியார் 'மக்த்' என்னும் ஒரு சொல்லாலேயே குறிப்பர். அச்சொல்லை எவ்விடத்தும் 'அதிகாரம்' என்றே பெயர்த்துச் சென்றால் பொருள் திரிவது திண்ணம்.

இச்சொல், இயலுதற் பொருள் தரும் பழைய ஜெர்மானிய வேரிற் பிறந்தது. ஆங்கிலத்து 'மைட்' இதற்கு உறவு. வினையாக வருங்கால் ஒன்றைச் செய்து முடிக்க இயலுதலையே உணர்த்தும். ஆங்கே அரசுமில்லை, அமைச்சுமில்லை. களைத்துப்போன ஒருவர் 'என்னால் இயலவில்லை' என்று சொல்லவும் இவ்வினை உதவும். 'அவ்மக்த்' என்பது அதன் எதிர்மறை. நம் புலவர் 'கையறவு' என்றது அதற்கு மிக அணித்தாகும்.

அரசியலிலோ இச்சொல் நாட்டையே குறிக்கும். 'ஸ்டோர்மக்த்' என்றால் வல்லரசு. 1940 முதல் 1945 வரை டென்மார்க்கைப் பற்றியிருந்த ஜெர்மானியரைக் குறிக்கும் சொல்லின் ஈற்றிலும் 'மக்த்' உண்டு. அங்கே அதற்குப் பொருள் படையும் அரசும் சேர்ந்த அயலாட்சி.

1660இல் மூன்றாம் பிரெடரிக்கு மன்னன் காலத்தே தொடங்கிய முடியாட்சியில் ஆட்சி முழுதும் ஒருவன் கையில் இருந்தது. 1849ஆம் ஆண்டின் அரசியற் சட்டமே 'மக்த்' என்பதை மூன்றாகப் பகுத்தது: சட்டமியற்றுவது மன்னனுக்கும் மன்றத்துக்கும் பொது, ஆட்சி நடத்துவது மன்னனுக்கு, நீதி வழங்குவது நீதிமன்றங்களுக்கு. (தரங்கம்பாடி 1845இலேயே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டுவிட்டமையால், அவ்வூர்த் தமிழர் இச்சட்டத்தின் நிழலைக் கண்டாரில்லை.)

இப்பகுப்பு, இன்று நடைமுறையிலுள்ள 1953ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெறுகிறது. ஆட்சி மன்னனுக்கு என்ற தொடரைச் சொற்படி கொண்டு, மன்னரே நாட்டை ஆள்கிறார் என்று மாணவர்க்குக் கற்பிப்பது பெரும்பிழை. அவ்வாட்சியைச் செலுத்துவோர் அமைச்சர்களே. மன்றத்துப் பெரும்பான்மைக்கு மாறாக மன்னர் அமைச்சு அமைத்தல் ஆகாது என்னும் மரபு 1901இல் வேரூன்றியது; நம்பிக்கையிழந்த அமைச்சர் பதவியில் நீடிக்கலாகாது என்பதை 1953ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்திலேயே வைத்தது. சொல் மன்னரிடம் நிற்க, பொருள் மன்றத்துக்கு இடம்பெயர்ந்தது.

இன்னும் ஒரு விரிவும் உண்டு. டேனிய நாடாளுமன்றம் 1997இல், தன் நாட்டில் 'மக்த்' உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று அறிஞரைக் கொண்டு ஆராயப் பணித்தது. அவ்வாய்வு 2003இல் நிறைவுற்றது. சட்டம் கூறும் மூன்றோடு நில்லாது, சங்கங்கள், செய்தி ஊடகங்கள், பெருநிறுவனங்கள் ஆகியவற்றின் செல்வாக்கையும் அவர்கள் கணக்கிற் கொண்டனர். அவ்வாய்வைப் பற்றித் தமிழில் எழுதுவோர், 'அதிகாரம்' என்பதோடு 'செல்வாக்கு' என்பதையும் சேர்த்து எழுதுதல் நலம்.