ரோபோ மென்பொருள் வேலைக்கான நேர்முகப் பரீட்சை: கேள்வி பதிலைப் பாடமாக்கினால் போதுமா?

சில மாதங்களுக்கு முன்னர் எனது பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் என்னிடம் கற்றவன். வெளிவாரிப் பட்டம் முடித்த பின்னர், தனியார் நிலையமொன்றில் மூன்று மாத கணினிக் கற்கைநெறி ஒன்றையும் பயின்றிருந்தான். அதன் கட்டணத்துக்காக அவனது உம்மாவின் காப்பு அடகுக்குப் போயிருந்தது. அந்த நிலையம் நூறு கேள்விகளும் பதில்களும் கொண்ட கையேடு ஒன்றைக் கொடுத்தது. போதாததற்கு, அவன் செய்யாத ஒரு வேலைத்திட்டத்தையும் அவனது சுயவிபரக்கோவையில் எழுதிக் கொடுத்திருந்தது.

நேர்முகப் பரீட்சையின் முதல் பத்து நிமிடங்கள் நன்றாகவே போயிருக்கின்றன. பிறகு ஒருவர், "நீங்கள் செய்த ரோபோ எந்த இடத்தில் பிழைத்து நின்றது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி கையேட்டில் இல்லை. "சேர், அதுக்குப் பிறகு எனக்கு வாயே திறக்க ஏலாமப் போச்சு" என்றான்.

அவனோடு அமர்ந்து நானும் இத்துறையைப் பற்றித் தேடிப் படித்தேன். இதே வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் உதவும் என்பதால், தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

இது என்ன வேலை?

ஆர்பிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இத்துறை, அலுவலகச் செயன்முறைகளை ரோபோ மென்பொருள் மூலம் தன்னியக்கமாக்குவதாகும். கையும் காலும் கொண்ட இயந்திரம் எதுவும் இதில் இல்லை. ஓர் எழுதுவினைஞர் மின்னஞ்சலைத் திறந்து, அதிலுள்ள இன்வொய்ஸைப் பதிவிறக்கி, விபரங்களை எக்செல் தாளில் பதிந்து, பின்னர் அவற்றையே கணக்கு மென்பொருளில் மீண்டும் தட்டச்சு செய்வார். அதே திரையில், அதே பொத்தான்களை அழுத்தி, அதே வேலையைச் செய்யும் மென்பொருள்தான் இந்த ரோபோ.

இதற்கான கருவிகளை விற்கும் நிறுவனங்களில் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. யூஐபாத் 2005 இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. புளூ பிரிசம் 2001 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டு, 2022 இல் எஸ்எஸ் அன்ட் சீ நிறுவனத்தின் கைக்குப் போனது. ஓட்டோமேஷன் எனிவெயார் அமெரிக்காவைச் சேர்ந்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் பவர் ஓட்டோமேட் விண்டோஸ் 11 உடனேயே வருகிறது. விளம்பரத்தில் எந்தக் கருவியின் பெயர் இருக்கிறதோ அதைப் படியுங்கள். அடிப்படை எண்ணக்கருக்கள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

கேட்கப்படும் கேள்விகளும் அவற்றின் உள்நோக்கமும்

முதலில், "எந்த வேலையை ரோபோவிடம் கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்பச் செய்யப்படுவது, தெளிவான விதிகள் உள்ளது, தரவுகள் கணினியிலேயே இருப்பது, அடிக்கடி மாறாதது என்ற நான்கையும் சொல்லலாம். ஆனால் உதாரணம் இல்லாவிட்டால் இந்தப் பதில் கையேட்டின் வாசனையைத் தரும். வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிட்டு, பொருந்தாத பதிவுகளைப் பிரித்தெடுப்பது ரோபோவுக்கு ஏற்ற வேலை. பொருந்தாத பதிவு ஏன் வந்தது, அதை எப்படித் திருத்துவது என்று தீர்மானிப்பது மனிதரின் வேலை. கணக்கீடு படித்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஏற்கனவே தெரியும். அதைச் சொல்லத்தான் தயக்கம்.

இரண்டாவது, விதிவிலக்குகளைப் பற்றியது. எனது மாணவன் தடுமாறியதும் இங்கேதான். தொழில்சார் விதிவிலக்கு, கணினிசார் விதிவிலக்கு என இதில் இரு வகைகள் உண்டு. எமது தேசிய அடையாள அட்டையை வைத்தே இதை விளங்கலாம். பழைய இலக்கத்தில் 9 இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதியதில் 12 இலக்கங்கள் உள்ளன. விண்ணப்பதாரர் ஒருவர் 11 இலக்கங்களை எழுதியிருந்தால், ரோபோ பத்துத் தடவை முயன்றாலும் அது சரியாகப் போவதில்லை. ஆகவே காரணத்தைக் குறித்து, அதை ஓர் அலுவலரிடம் அனுப்பிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குச் செல்ல வேண்டும். இது தொழில்சார் விதிவிலக்கு. இணையத்தளம் திறக்கவில்லை, மென்பொருள் உறைந்துவிட்டது என்றால் அது கணினிசார் விதிவிலக்கு. மூடித் திறந்து மீண்டும் முயன்றால் சரியாகலாம். மீள முயல்வதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு.

இதே உதாரணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டில் அவர் பிறந்த நாள் எத்தனையாவது என்பதைக் காட்டுகின்றன. ஆண்டுக்கு 366 நாட்களுக்கு மேல் இல்லைதானே என்று எண்ணி, "366 ஐத் தாண்டினால் பிழை" என்று ஒருவர் விதி எழுதினால் என்னவாகும்? பெண்களுக்கு அந்த எண்ணுடன் 500 கூட்டப்படுகிறது. எனவே விண்ணப்பித்த பெண்கள் அனைவரையும் அந்த ரோபோ ஒரே இரவில் நிராகரித்துவிடும். மென்பொருளை மட்டும் தெரிந்தவர் விடும் பிழை இது. வேலையையும் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

மூன்றாவது, பணி வரிசை. 500 இன்வொய்ஸ்களில் 237 ஆவதில் ரோபோ நின்றுவிட்டால், மீண்டும் முதலாவதிலிருந்து ஆரம்பிப்பதா? அப்படிச் செய்தால் 236 பேருக்கு இரண்டு தடவை கொடுப்பனவு போய்விடக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு இன்வொய்ஸையும் தனித்தனி உருப்படியாக வரிசையில் இட்டு, முடிந்தது, தோல்வியடைந்தது, இன்னும் எடுக்கப்படாதது என்று அதன் நிலையைப் பதிகிறார்கள். பல ரோபோக்கள் ஒரே வரிசையிலிருந்து வேலையைப் பகிர்ந்து எடுக்கவும் இது உதவுகிறது. யூஐபாத்தில் இதை ஓர்கெஸ்ட்ரேட்டர் என்ற பகுதி கவனிக்கிறது. வடிவமைப்பது ஸ்டூடியோவில், இயக்குவது ரோபோ, மேற்பார்வை ஓர்கெஸ்ட்ரேட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, திரையில் உள்ள பொத்தானை ரோபோ எப்படி அடையாளம் காண்கிறது என்பது. திரையில் அது இருக்கும் இடத்தை மட்டும் நம்பினால், திரையின் அளவு மாறியதும் ரோபோ வழிதவறும். ஆகவே அந்தப் பொத்தானின் பெயர், வகை, அது எந்தச் சாளரத்தில் உள்ளது போன்ற பண்புகளைக் கொண்டு அடையாளம் காட்டுகிறார்கள். இதற்கு செலக்டர் என்று பெயர். திகதி, கோப்பின் பெயர் போல நாளுக்கு நாள் மாறும் பகுதிகளை செலக்டரில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

இவற்றோடு, ஊழியரின் கணினியில் அவர் பார்த்திருக்க இயங்கும் ரோபோவுக்கும், ஆள் இல்லாமல் குறித்த நேரத்தில் தானாக இயங்கும் ரோபோவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பார்கள். கடவுச்சொற்களை எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்பார்கள். எக்செல் தாளிலோ, ரோபோவின் கட்டளைகளுக்குள்ளேயோ எழுதி வைப்பதாகச் சொல்லிவிடாதீர்கள். அவற்றைக் குறியாக்கம் செய்து பாதுகாக்கும் பெட்டகம் ஒன்றிலிருந்து, தேவைப்படும் நேரத்தில் மட்டும் ரோபோ பெற வேண்டும்.

எப்படித் தயாராவது?

ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே செய்யுங்கள். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. யூஐபாத் நிறுவனத்தின் அகடமி பாடங்களை இலவசமாகக் கற்கலாம். ஆர்பிஏ சலேஞ்ச் என்ற பயிற்சித் தளமும் இருக்கிறது. எக்செல் தாளிலுள்ள விபரங்களைப் படிவமொன்றில் பத்துச் சுற்றுகளாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டிகள் இடம் மாறிவிடும். செலக்டர் பற்றிய பத்துப் பக்கக் குறிப்பு கற்றுத் தராததை இது ஒரு மாலையில் கற்றுத் தரும்.

அதன் பிறகு ஓர் எக்செல் தாளில் கற்பனையான ஐம்பது இன்வொய்ஸ்களை உருவாக்குங்கள். ஐந்தில் வேண்டுமென்றே பிழை விடுங்கள். ஒன்றில் திகதி இல்லை, ஒன்றில் தொகை எழுத்தில் இருக்கிறது, ஒன்று இரண்டு தடவை வந்திருக்கிறது என்றவாறு. அவற்றை உங்கள் ரோபோ எப்படிக் கையாள்கிறது என்று பார்த்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "எங்கே பிழைத்தது?" என்ற கேள்விக்கான உண்மையான பதில் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

தமிழ் மொழிமூலம் கற்ற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு பயம். எழுதிய அந்தப் பக்கத்தை முதலில் தமிழில், வீட்டில் உள்ள ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். அவருக்கு விளங்கினால் உங்களுக்கும் விளங்கியிருக்கிறது. பிறகு அதையே சிறிய ஆங்கில வசனங்களில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பாடமாக்கிய வசனம் இடையில் அறுந்தால் தொடர முடியாது. கையால் செய்த வேலையை உடைந்த ஆங்கிலத்திலும் சொல்லி முடிக்கலாம்.

கடைசியாக, செய்யாத வேலையை சுயவிபரக்கோவையில் எழுத வேண்டாம். அதை யார் எழுதித் தந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "இது எனது பயிற்சித் திட்டம், நிறுவனமொன்றில் செய்ததல்ல" என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. தெரியாத கேள்விக்கு, "இதை நான் செய்து பார்க்கவில்லை, செய்வதாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்" என்று சொல்லலாம்.

போன வாரம் அவன் மடிக்கணினியுடன் மீண்டும் வந்தான். அந்தப் பொய்த் திட்டத்தை நீக்கிவிட்டு, சொந்தமாகச் செய்த ஒன்றை எழுதியிருந்தான். எனக்குக் காட்டுவதற்காக இயக்கியபோது, நாற்பத்தோராவது இன்வொய்ஸில் ரோபோ நின்றுவிட்டது. தொகைக்கு நடுவே காற்புள்ளி இருந்த இடத்தில் யாரோ முற்றுப்புள்ளி இட்டிருக்கிறார்கள். அந்த யாரோ அவனேதான். அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததும் சிரித்துக்கொண்டே, "சேர், அடுத்த முறை கேட்டா இதைத்தான் சொல்லுவன்" என்றான்.