தண்ணீர்க் குழாயின் உதைப்பு

ஓர்ஸ் ஹில்லை அடுத்த உள்துறைமுகத்தின் அக்கரையில், சீனக்குடாவில், எண்ணெய்த் தாங்கிகள் உள்ளன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானத் தாக்குதலின்போது அவற்றுள் ஒன்று எரிந்தது. அத்தகைய தீயை அணைப்போர் ஒரே குழாயை இருவர் மூவராகப் பிடிப்பார்கள். எமது கொட்டில்களுக்கு அருகில் இருப்பதோ வயலுக்கு இறைக்கும் பம்ப் மட்டுமே. கிடுகில் தீப்பிடித்தால் அதுவே எமது தீயணைப்பு இயந்திரம். அதன் உதைப்பை முன்கூட்டியே கணக்கிடலாம்.

குழாய்முனையால் 200 லீற்றர் பீப்பா 40 செக்கனில் நிரம்பினால், செக்கனுக்கு 5 லீற்றர், அதாவது 5 கிலோ நீர். முனையின் உள்விட்டம் 2 சென்ரிமீற்றர் எனில் வாயின் பரப்பு 3.14 சதுர சென்ரிமீற்றர். ஒரு லீற்றர் 1000 கன சென்ரிமீற்றர் அல்லவா? 5000ஐ 3.14ஆல் வகுத்தால் நீரின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 16 மீற்றர். 5ஐ 16ஆல் பெருக்க 80 நியூட்டன். ஏறக்குறைய 8 கிலோ பாரம் எம்மைப் பின்னுக்குத் தள்ளுவதற்குச் சமன்.

8 கிலோ பெரிதல்ல என்பீர்கள். ஈரச் சேற்றில் நின்று பிடித்துப் பாருங்கள்! அதே நீரை அரைவாசி விட்டமுள்ள வாயால் அனுப்ப முடிந்தால் 32 கிலோ. (சிறிய பம்புக்கு அந்த வலு இல்லாதது நல்லதே.)

ஆகவே பம்பை மெதுவாகவே வேகப்படுத்துங்கள். ஒருவர் முனையைப் பிடிக்க, மற்றவர் பின்னால் நின்று குழாயை நேராகத் தாங்கட்டும். கைதவறினால் பித்தளை முனை பாம்பாய்ச் சுழன்று அடிக்கும். அதைத் துரத்தாதீர்கள், முதலில் பம்பை நிறுத்துங்கள்.