வானத்துப் படமும் நிலத்து அளவும்

கோல்ப் என்னும் பந்தாட்டம் ஏறாவூர்ப் பக்கத்தார்க்குப் பழகிய தொன்றன்று. வயலும் வாவியும் அறிந்த நமக்கு, ஒரு சிறு பந்தைப் பதினெட்டுக் குழிகளில் அடித்து வீழ்த்தும் அவ்வாட்டம் வேடிக்கையாகத் தோன்றுதலுங் கூடும். எனினும், அதன் மைதானத்தைச் செய்மதிப் படத்தினின்றும் வரையும் முறையில் நம் மாணவர் அறியத்தக்க அளவை நுட்பம் ஒன்று அடங்கியிருத்தலின், அதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

கொழும்பில் 1879 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானத்தை நோக்குவோம். களனிவெளிப் புகையிரதப் பாதை அதனை ஊடறுத்துச் செல்கின்றது. பந்தருகே நிற்பவன் அறிய விழைவது, குழியைச் சூழ்ந்த புற்றரையின் முன்விளிம்பும் நடுவும் பின்விளிம்பும் எத்துணைத் தூரம் என்பதே. அடுத்தடுத்த இரு மட்டைகளால் அடிக்கும் பந்து செல்லுந் தூரம் ஏறத்தாழப் பத்து மீற்றரே வேறுபடும். ஆதலால் படத்திற் பத்து மீற்றர் பிழை புகுமாயின் கருவி இருந்தும் பயனில்லை.

வரையும் முறை எளிது. செய்மதிப் படத்தைக் கணினியில் விரித்து, புற்றரை, மணற்குழி, நீர்நிலை ஆகியவற்றின் விளிம்புகளிற் புள்ளியிட்டால், ஒவ்வொன்றுக்கும் அகலாங்கும் நெட்டாங்குங் கிடைக்கும். அவற்றை ஜீ.பி.எஸ். கருவியில் ஏற்றினால், அது குறைந்தது நான்கு செய்மதிகளின் குறிப்பைப் பெற்றுத் தான் நிற்குமிடத்தைக் கணித்து, புள்ளிக்குள்ள தூரத்தைச் சொல்லும். பொதுமக்கள் பெறுங் குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன்பின்னரே இத்தகைய நுண்ணிய பயன் எவர்க்கும் எட்டியது. பாகையின் தசமத்தில் ஐந்தாந் தானத்தின் ஓரலகு ஏறத்தாழ ஒரு மீற்றர். மூன்றாந் தானத்தினது 111 மீற்றர். எண்ணைச் சுருக்கி எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

இனிப் பிழை நுழையும் வாயில்கள். செய்மதி எப்பொழுதும் நேர்கீழாக நோக்குவதன்று. அது 20 பாகை சாய்ந்து நோக்குங்கால், கணினி கொண்ட தரையுயரம் மெய்யுயரத்தினின்றும் 30 மீற்றர் வேறுபடின், அவ்விடம் படத்தில் 11 மீற்றர் விலகிவிடும். கொழும்பின் சமநிலத்தில் இஃது அற்பம். நுவரெலியா மைதானத்தின் மலைச்சரிவில் அற்பமன்று. இதனினும் பெரிய பிழை பழைய படத்தையும் புதிய கருவியையும் ஒன்றாக வைத்தலால் வருவது. இலங்கையின் பழைய நில அளவைப் படங்கள், எவரெஸ்ட் என்பார் 1830 இற் கணித்த புவியுருவத்தையும் கந்தவளை என்னும் நிலையத்தையும் ஆதாரமாகக் கொண்டவை. ஜீ.பி.எஸ். கொள்ளும் புவியுருவம் வேறு. ஒரே எண்கள் இவ்விரண்டிலும் நூறு மீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியுடைய இரு இடங்களைக் குறிக்கும்.

அப்பழைய அளவையினரை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. முக்கோண அளவையில், முதலில் ஒரு நேர்கோட்டை நிலத்திலே நீட்டி அளப்பர். பின் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கணித்துச் செல்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீர்கொழும்புப் பக்கத்தில் அவ்வாறு ஓர் அடிக்கோடு அளந்தவர்கள், நம் மட்டக்களப்பிலும் மற்றோர் அடிக்கோட்டை அளந்தனர். மேற்கிலிருந்து கணித்து வந்த நீளமும் கிழக்கில் நிலத்திலே அளந்த நீளமும் ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பதற்கு அதுவே வழி.

செய்மதிப் படத்துக்கும் அம்முறையே மருந்து. தண்டவாளம் பாதையைக் கடக்கும் மூலை போன்ற, படத்திலும் நிலத்திலும் ஐயமின்றித் தெரியும் இடங்கள் சிலவற்றைத் திருத்தமாக அளந்து, படத்தை அவற்றோடு பொருத்துதல் வேண்டும். அளந்தவற்றுள் இரண்டு மூன்றைப் பொருத்துதற்குப் பயன்படுத்தாது ஒதுக்கி வைத்தல் அதனினும் இன்றியமையாதது. பொருத்திய புள்ளிகள் பொருந்துவதில் வியப்பென்ன? ஒதுக்கிய புள்ளிகளே மெய் சொல்லும்.

வாவிக்கரையை வரைவோர் படம் எடுத்த நாளையுங் குறித்தல் வேண்டும். மாரியிற் பெருகி, கோடையில் வற்றி, முகத்துவாரத்து மணற்றிட்டோடு மாறும் நீர்விளிம்புக்கு ஒரே கோடு எவ்வாறு பொருந்தும்?

காணியெல்லைச் சச்சரவுகளிற் கைத்தொலைபேசிப் படத்தைச் சான்றாக நீட்டுவோருக்கும் இதனைச் சொல்லி வைக்கின்றோம். திறந்தவெளியிலுங் கைத்தொலைபேசி ஐந்து மீற்றர் தவறுதல் இயல்பு. கோல்ப் ஆடுபவனுக்கு அதனால் ஓர் அடி பிசகலாம். நூறு மீற்றர் நீளமுள்ள ஒரு வரம்பிலோ, அவ்வைந்து மீற்றர் ஏறத்தாழ இருபது பேர்ச் நிலமாகும். அனுமதி பெற்ற நில அளவையாளர் எல்லைக்கற்களிலிருந்து அளந்து வரைந்த படத்தையும் உறுதியையும் எடுத்துப் பார்த்த பின்னரே அயலவரோடு பேசத் தொடங்குக.