ஒரே கதை, இரண்டு வகுப்பு: கத்தோலிக்கப் பள்ளிகளில் மறைக்கல்விப் பாடம் எப்படித் தயாராகிறது?

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் மேற்கே போனால், பாம்பு படுத்தது போல நீண்டு கிடக்கும் மலையின் ஓரமாக வருகிறது நாகமலை புதுக்கோட்டை. காலை எட்டு மணிக்கு இங்கே பஸ் ஸ்டாப்பில் நின்றால் பல கலரில் யூனிஃபார்ம் பார்க்கலாம். ஒரு பக்கம் மதுரை டவுன், இன்னொரு பக்கம் கருமாத்தூர். இரண்டு பக்கமும் கத்தோலிக்க நிர்வாகப் பள்ளிகள் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்கள் அல்ல.

இந்தப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஒரு பீரியடு நன்றாக ஞாபகம் இருக்கும். டைம்டேபிளில் ‘எம்.ஐ.’ அல்லது ‘நீதிபோதனை’ என்று போட்டிருக்கும். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்க மாணவர்கள் ‘கேட்டகிசம்’ எனும் மறைக்கல்விக்கு ஒரு அறைக்குப் போவார்கள். மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. சிலபஸ் முடியாத கணக்கு சார் அந்த பீரியடைக் கடன் வாங்கிக்கொள்வதும் உண்டு.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இந்த 40 நிமிடத்தைச் சரியாகத் திட்டமிட ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவை என்று திருச்சபையே சொல்கிறது. ஏன்?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-வது பிரிவு தருகிறது. இது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது 28(3). அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில், ஒரு மாணவரை அவர் சம்மதம் இல்லாமல் மதபோதனையிலோ மத வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது. மாணவர் மைனர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

ஆக, வகுப்பு இரண்டாகப் பிரிவது வெறும் பழக்கம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் சட்டக் காரணமும் இருக்கிறது. மதத்தைப் போதிப்பதும் மதங்களைப் பற்றிக் கற்பிப்பதும் வேறு வேறு என்ற வித்தியாசத்தை, பாடத்திட்டம் தொடர்பான அருணா ராய் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

வத்திக்கானின் பார்வையும் ஏறக்குறைய இதையே ஒட்டி வருகிறது. கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 2009-ல் அனுப்பிய சுற்றுமடல், நம்பிக்கையில் ஒருவரை வளர்க்கும் மறைக்கல்வியையும், கிறிஸ்தவம் என்றால் என்ன என்ற அறிவைத் தரும் பள்ளிப் பாடத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. இரண்டுக்கும் நோக்கம் வேறு. நோக்கம் வேறு என்றால் பாடக்குறிப்பும் வேறாகத்தான் இருக்க வேண்டும். பிரச்சினை தொடங்குவதும் இங்கேதான். நோட்ஸ் ஆஃப் லெசன் எழுத பி.எட்.டில் சொல்லித் தருகிறார்கள், ஆனால் அறிவியலுக்கும் தமிழுக்கும் எழுதத்தான். மறைக்கல்விக்கு எழுத அங்கே யாரும் கற்றுத் தருவதில்லை.

ஒரு பாடம் எப்படித் திட்டமிடப்படுகிறது?

ஏழாம் வகுப்பு. பாடம்: லூக்கா நற்செய்தி 10-ம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமை. கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவரை இருவர் பார்த்தும் விலகிப் போகிறார்கள். மூன்றாவதாக வரும் சமாரியர் காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் காசு கொடுக்கிறார்.

பயிற்சி இல்லாத ஆசிரியர் என்ன செய்வார்? கதையைப் படிப்பார், “அதனால நாமளும் மத்தவங்களுக்கு உதவி செய்யணும், சரியா?” என்பார், பிள்ளைகள் “சரி மிஸ்” என்பார்கள். பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். மிச்சம் 30 நிமிடத்துக்கு ‘சைலண்ட் ரீடிங்’.

பயிற்சியில் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘என்ன கதை சொல்லப் போகிறீர்கள்’ என்பதல்ல. ‘இந்தப் பிள்ளைகள் இன்று காலை எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்’ என்பதுதான். தேனி ரோட்டில் பைக் விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கலாம். சுற்றி நின்றவர்கள் போனை எடுத்து வீடியோ பிடித்ததையும் பார்த்திருக்கலாம். பாடம் அங்கிருந்து தொடங்கும். யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று பிள்ளைகளே பேசுவார்கள். “போலீஸ் கேஸ் ஆயிரும்னு பயம் சார்” என்று ஒருவன் நிச்சயம் சொல்வான். கதை அதற்குப் பிறகுதான் வரும்.

கதைக்குள் போனதும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் ஆகாது. கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரைத் தாழ்வாக நினைத்தார்களோ, அவரையே இயேசு கதாநாயகன் ஆக்கினார். இது விட்டுப்போனால் உவமை வெறும் ‘உதவி செய்’ பாடமாகச் சுருங்கிவிடும்.

இதுவரை இரண்டு வகுப்புக்கும் ஒரே பாதை. இனிமேல்தான் பிரிகிறது.

மறைக்கல்வி வகுப்பில் பாடம் ஜெபத்தை நோக்கிப் போகும். யார் என் அயலார் என்று மாணவர் தன்னையே கேட்டுப் பார்ப்பார். ஒப்புரவு அருட்சாதனத்தோடும் இதை இணைக்கலாம். பாடக்குறிப்பின் கடைசி வரி, அந்த வாரத்தில் மாணவர் செய்யப்போகும் ஒரு காரியம்.

நன்னெறி வகுப்பில் அதே கதையை ஓர் இலக்கியமாகச் சொல்லலாம். அதன் பெயரிலேயே ஒரு சட்டம் இருப்பதைக் காட்டலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134A பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை ‘நல்ல சமாரியர்’ என்றே அழைத்து, அவர்மீது வழக்கு வராமல் பாதுகாக்கிறது. முன்வரிசையில் பயந்த பையனுக்கு இதுதான் பதில். விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வகுப்பில் ஜெபம் கிடையாது, ‘நம்புகிறாயா’ என்ற கேள்வியும் கிடையாது.

“இன்றைக்கு நமக்கு யார் சமாரியர்?” என்ற கேள்வி இரண்டு அறையிலும் எழும். தென் மாவட்ட வகுப்பறையில் அது சாதாரணக் கேள்வி இல்லை. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, சாதியைக் காட்டும் கலர் கயிறுகளைக் கையில் கட்டத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. கயிறு கட்டிய கை எந்த பெஞ்சில் இருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். யாரையும் எழுப்பி நிறுத்தாமல், யாரையும் சுட்டாமல் அந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி? முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளாமல் வகுப்பில் நின்று யோசிக்கிற விஷயம் இல்லை இது.

இந்தப் பயிற்சி புதுசா?

இல்லை. சொல்லப்போனால் இந்திய மொழிகளின் அச்சு வரலாறே இங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சிடப்பட்ட முதல் நூல். அது ஒரு மறைக்கல்விப் புத்தகம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி ‘ஞானோபதேச காண்டம்’ எழுதினார். மதுரை மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவர் ஒருபடி மேலே போய், கற்பிக்கிறவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். வேதியர் என்றால் இங்கே உபதேசியார். அந்தக் கணக்கில் இதை ஓர் ‘ஆசிரியர் கையேடு’ என்றால் தப்பில்லை.

ஆனால் நீண்ட காலம் முறை என்னவோ மனப்பாடம்தான். கேள்வி, பதில், ஒப்பித்தல். இதை மாற்றியதில் முக்கியமானவர் ஒரு தமிழர், அருட்தந்தை து.ச. அமலோர்பவதாஸ். திண்டிவனம் மையத்தில் தொடங்கி, பெங்களூரில் 1967-ல் உருவான தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை வழிநடத்தினார். மனித அனுபவத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது அவர் வலியுறுத்திய வழி. மேலே பார்த்த பைக் விபத்து அந்த வழியில் வந்ததுதான். பின்னாளில் அவர் மைசூர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறையைத் தொடங்கினார். அதாவது, கோயிலுக்குள் போதிப்பதையும் வெளியே ஒரு பாடமாகக் கற்பிப்பதையும் இரண்டையும் செய்து பார்த்தவர்.

யார் கற்பிக்கலாம்?

1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 804-வது விதி மூன்று தகுதிகள் கேட்கிறது: சரியான போதனை, கிறிஸ்தவ வாழ்வின் சாட்சியம், கற்பிக்கும் திறமை. முதல் இரண்டும் பல ஆசிரியர்களிடம் இருக்கும், அருட்சகோதரிகளிடம் கேட்கவே வேண்டாம். மூன்றாவதுதான் தானாக வருவதில்லை. ‘பக்தியான டீச்சர், அவங்களே எடுக்கட்டும்’ என்று பீரியடை ஒதுக்கிவிடுவது எளிது. நன்னெறி வகுப்புக்கு அந்த அளவு கவனிப்புகூடக் கிடைப்பதில்லை. யார் ஃப்ரீயோ அவர் போவார். எண்ணிக்கையில் பெரிய வகுப்பு அதுதான் என்பதை யோசித்தால், இது தலைகீழான ஏற்பாடு.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே சமயம் பள்ளிப் பாடம், சாதாரண தரப் பரீட்சையிலும் உண்டு. சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் எனத் தனித்தனிப் புத்தகம், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி எல்லாம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆசிரியருக்குக் கையில் கிடைப்பதை மதுரை ஆசிரியர் தானே எழுத வேண்டியிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் சமயம் நல்லதா என்பது வேறு விவாதம்.

2024-ல் என்ன மாறியது?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-ல் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பிற மத மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, காலை அசெம்பிளியில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும், வளாகத்தில் எல்லா மதத்தினருக்குமான பிரார்த்தனை இடம் அமைக்கலாம் என்பவை அதில் கவனம் பெற்றவை. கிறிஸ்தவப் பள்ளிகள் மீது மதமாற்றக் குற்றச்சாட்டுகள் எழுந்துவரும் காலத்தில் வந்த வழிகாட்டுதல் இது. இதன் முழுச் சுமையும் கடைசியில் வகுப்பறையில் நிற்கும் ஒரு ஆசிரியர் தலையில்தான் இறங்குகிறது. அவர் வாயிலிருந்து வரும் ஒரு தவறான வாக்கியம் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

அதனால்தான் நல்ல பாடக்குறிப்பில், பாடத்தின் படிகளுக்குக் கீழே இன்னொரு பகுதியும் இருக்க வேண்டும்: பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகள். “மிஸ், அப்ப எங்க சாமி பொய்யா?” என்று ஒரு ஏழாம் வகுப்புப் பையன் கேட்பான். கேலிக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். “அப்படிச் சொல்லலப்பா. உங்க வீட்டுல இந்த மாதிரி உதவி செஞ்சவங்க கதை ஏதாவது சொல்வாங்களா? நாளைக்குக் கேட்டுட்டு வந்து எங்களுக்கும் சொல்லு” என்ற பதிலை, ஆசிரியர் முந்தின நாள் ராத்திரியே நோட்டில் எழுதி வைத்திருப்பார்.