பாமாயில் கம்பெனி யார் சொன்னால் கேட்கும்?

பெரிய உணவு மூலப்பொருள் நிறுவனம் எதன் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும், தொடர்புடைய தரப்பினருடன் நடத்திய உரையாடல் என்று ஓர் அத்தியாயம் இருக்கும். விவசாயிகள், தொழிலாளர்கள், தோட்டத்தை ஒட்டி வாழும் ஊர்க்காரர்கள், சரக்கு வாங்கும் கம்பெனிகள், வங்கிகள், முதலீட்டாளர்கள், தன்னார்வ அமைப்புகள் என ஒரு பட்டியல். யாரோடு எத்தனை முறை பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று பக்கத்திலேயே கட்டம் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு இடம். நிஜத்தில் வங்கி எழுதும் ஒரு கடிதத்துக்குக் கிடைக்கும் மரியாதை, நிலத்தைப் பறிகொடுத்தவர் வருஷக்கணக்கில் கொடுக்கும் மனுக்களுக்குக் கிடைப்பதில்லை. கம்பெனியின் பணத்தில் கைவைக்கக்கூடியவர் சொன்னால்தான் கம்பெனி கேட்கும். மற்றவர்களின் குரல் அப்படிப்பட்ட ஒருவர் வழியாகப் போனால் மட்டுமே எடுபடும். பாமாயில் வணிகத்தில் உலகிலேயே மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான வில்மாரின் கதையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

1991இல் தொடங்கிய வில்மாருக்குத் தலைமையகம் சிங்கப்பூர். நிறுவியவர்கள் குவோக் கூன் ஹோங், மார்த்துவா சித்தோருஸ் என்ற இருவர். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் அதற்குச் சொந்தத் தோட்டங்கள் உண்டு என்றாலும், அது விற்கும் எண்ணெயில் பெரும்பகுதி பிறரிடம் வாங்கியதுதான். பிஸ்கட், சோப்பு, ஐஸ்கிரீம், நூடுல்ஸ் செய்யும் பன்னாட்டு கம்பெனிகள் அதன் வாடிக்கையாளர்கள். இந்தியாவில் 1999இல் அதானி குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து அது தொடங்கிய நிறுவனம்தான் ஃபார்ச்சூன் எண்ணெயை விற்றது. கடைக்குப் போகும் யாரும் வில்மார் என்ற பெயரைச் சொல்லி எதையும் கேட்பதில்லை. மூலப்பொருள் விற்பவர்களுக்கு இது பெரிய வசதி. நுகர்வோரின் கோபம் பிஸ்கட் கம்பெனியோடு நின்றுவிடும். எண்ணெய் விற்றவர் வரைக்கும் போகாது.

இந்தத் தொழிலில் ஏன் எதையும் கண்டுபிடிப்பது கடினம் என்பதைப் புரிந்துகொள்ள, பழக்குலை தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போகும் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் இந்த மரத்தின் குலையை வெட்டியபின் ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு விவசாயி, வழியில் வரும் இடைத்தரகரின் லாரியில் குலையை ஏற்றிவிடுகிறார். அதே லாரியில் காட்டை அழித்துப் போட்ட தோட்டத்தின் குலையும் இருக்கலாம். ஆலையில் எல்லாம் ஒன்றாக வெந்து, ஒன்றாகப் பிழியப்பட்டு, ஒரே தொட்டியில் சேரும். அங்கிருந்து துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை என்று போகப் போக இன்னும் பல ஆலைகளின் எண்ணெயோடு கலக்கும். எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதை முயன்றால் சொல்லிவிடலாம். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கேட்டால்தான் சிக்கல்.

2007இல் இந்தோனேசியாவின் பழங்குடி அமைப்புகளும் சிறு விவசாயி அமைப்புகளும் வெளிநாட்டுத் தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்து வில்மார்மீது ஒரு புகார் கொடுத்தன. சம்மதம் கேட்காமல் நிலத்தை எடுத்தார்கள், காட்டை அழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. புகாரை அவர்கள் கொண்டுபோன இடத்தைக் கவனிக்க வேண்டும். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறைக்கு நிதி தரும் பிரிவான ஐ.எஃப்.சி. வில்மாருக்கு நிதியுதவி செய்திருந்தது. ஐ.எஃப்.சி.மீது வரும் புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பிடம் போனார்கள். 2009இல் வந்த அதன் தணிக்கை, வணிக நெருக்கடிக்கு இணங்கி ஐ.எஃப்.சி. தன் விதிகளைத் தானே மீறியது என்று சொன்னது. உலக வங்கித் தலைவர் பாமாயில் துறைக்கான புதிய முதலீடுகளையே நிறுத்திவைத்தார்; 2011இல் புதிய கொள்கை வரும்வரை அந்தத் தடை நீடித்தது. இதற்கிடையே மேற்குக் கலிமந்தானின் சம்பாஸ் பகுதியில், புகார் கொடுத்த ஊர்களுக்கு நிலத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு கொடுக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. நேரடியாகக் கேட்டபோது கிடைக்காதது, கடன் கொடுத்தவரின் வாசலில் போய்க் கேட்டபோது கிடைத்தது.

அடுத்த நெருக்கடி வாடிக்கையாளர்கள் பக்கமிருந்து வந்தது. நியூஸ்வீக் இதழின் சுற்றுச்சூழல் தரவரிசையில் வில்மார் 2011, 2012 இரண்டு ஆண்டும் கடைசி இடத்தில் இருந்தது. 2013 ஜூனில் சுமத்ராவில் எரிந்த நிலங்களின் புகை சிங்கப்பூரை மூடியது. 21ஆம் தேதி காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. சீனாவில் வில்மாரோடு கூட்டு வைத்திருந்த கெல்லாக்ஸ்மீது பிரச்சாரகர்கள் பாய்ந்தார்கள். பெரிய வாடிக்கையாளரான யூனிலீவரும் நெருக்கியது. 2013 டிசம்பர் 5 அன்று வில்மார் புதிய கொள்கையை அறிவித்தது: காடழிப்பு கிடையாது, கரி மண் சதுப்பு நிலத்தைத் தொடுவதில்லை, மனிதச் சுரண்டல் கிடையாது. சொந்தத் தோட்டங்களுக்கு மட்டுமில்லை, எண்ணெய் விற்கும் வெளியாட்களுக்கும் இது பொருந்தும் என்றது. அதற்குமுன் இந்தத் துறையில் இவ்வளவு பெரிய நிறுவனம் எதுவும் அப்படிச் சொன்னதில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகளில் போட்டியாளர்களும் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள்.

அதே 2013இல் இந்தோனேசியாவின் ஜாம்பி மாகாணத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆசியாட்டிக் பெர்சாடா என்ற வில்மார் தோட்டத்துக்குள் சூகு அனாக் டாலாம் பழங்குடியினரின் மூதாதையர் நிலம் இருந்தது. அதைப் பற்றிய பேச்சுவார்த்தை உலக வங்கி அமைப்பின் நடுவாண்மையில் நடந்துகொண்டிருந்தது. பேச்சு முடிவதற்குள் வில்மார் அந்தத் தோட்டத்தையே விற்றுவிட்டது. வாங்கியது வில்மாரின் இணை நிறுவனர் சித்தோருஸின் சகோதரருடைய குழுமத்தோடு தொடர்புடைய கம்பெனி. புதிய உரிமையாளருக்கு உலக வங்கியிடம் கடனும் இல்லை, அதனால் கடப்பாடும் இல்லை. பேச்சுவார்த்தை முறிந்தது. அந்த மக்களோடு வில்மார் பேசாமல் இருந்ததில்லை; பேசத்தான் செய்தது. ஆனால் நினைத்த நேரத்தில் மேஜையைவிட்டு எழுந்துபோகும் வசதி ஒரு தரப்புக்கு மட்டும்தான் இருந்தது. எத்தனை கூட்டம் போட்டோம் என்று எண்ணிக் காட்டும் அறிக்கைகளை நான் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

தொழிலாளர் விஷயத்திலும் இதே கதைதான். 2016 நவம்பரில் அம்னெஸ்டி இண்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை, வில்மாரின் தோட்டங்களிலும் அதற்குச் சரக்குக் கொடுக்கும் தோட்டங்களிலும் எட்டு வயதுக் குழந்தைகள்கூட வேலை செய்வதாகச் சொன்னது. யாரும் குழந்தைகளை வேலைக்கு எடுத்ததாகப் பதிவேட்டில் இருக்காது. ஒரு நாளைக்கு இவ்வளவு குலை என்று அளவு வைத்து, குறைந்தால் கூலியைப் பிடித்தால், அப்பாவுக்குத் துணையாகப் பிள்ளை உதிரிப் பழம் பொறுக்க வரத்தான் செய்யும். களைக்கொல்லி தெளிக்கும் பெண்களோ வருஷக்கணக்காகத் தினக்கூலிகளாகவே இருந்தார்கள். அம்னெஸ்டி ஆராய்ந்த ஐந்து தோட்ட நிறுவனங்களில் மூன்று, நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பிடம் சான்றிதழ் வாங்கியிருந்தன. தணிக்கை செய்ய வந்தவர்களும் தொழிலாளர்களோடு பேசியிருப்பார்கள். யூனிலீவர், நெஸ்லே, கோல்கேட் என்று வாங்குகிறவர்களின் பெயரையும் அம்னெஸ்டி அச்சில் போட்ட பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது.

எந்த வழியில் கேட்டால் என்ன, முடிவில் கேட்டார்களா இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வில்மார் தனக்கு எண்ணெய் வரும் ஆலைகளின் பெயர்களை 2015 முதல் வெளியிடுகிறது. தன்மீதும் தன் சப்ளையர்கள்மீதும் வரும் புகார்களை, யார்மீது, என்ன புகார், எந்த நிலையில் இருக்கிறது, யாரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்று பொதுவில் வைக்கிறது. 2018இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நெருக்கியது; சித்தோருஸ் நிறுவனத்தைவிட்டு விலகினார்; ஆண்டு முடிவில் சப்ளையர்களின் தோட்டங்களைச் செயற்கைக்கோள் படம் வைத்துக் கண்காணிக்க வில்மார் ஒப்புக்கொண்டது. இந்தோனேசியாவில் பாமாயிலுக்காக அழியும் காட்டின் அளவு 2010களின் தொடக்கத்தில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்தது. அரசு புதிய உரிமங்களை நிறுத்திவைத்ததும், எண்ணெய் விலை சரிந்ததும் சேர்ந்துதான் அதற்குக் காரணம் என்பதால் முழுப் பெருமையையும் கம்பெனிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் புகார்ப் பட்டியல் உண்மையிலேயே பயனுள்ளது. புகார் கொடுத்தவர், பத்திரிகையாளர், வங்கி அதிகாரி, போட்டி கம்பெனி யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு பிரச்சினை திறந்தே கிடந்தால், அதைச் சத்தமில்லாமல் மூடிவிட முடியாது. புகைப்படத்தோடு வரும் கலந்தாய்வுச் செய்திகளைவிட இந்தப் பட்டியலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. பட்டா, வரைபடம், இருப்பிடக் குறியீடு என்று கேட்கத் தொடங்கினால் பெரிய தோட்டம் ஆள் வைத்துக் காகிதம் தயாரித்துவிடும். சிறியவர் சந்தையிலிருந்தே வெளியே தள்ளப்படுவார். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புச் சட்டம்மீது இந்தோனேசியாவும் மலேசியாவும் வைத்த முக்கியக் குற்றச்சாட்டும் இதுதான். அமலாக்கம் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனது. ஆட்சேபம் சரி, ஆனால் அது சுட்டுவது உரையாடலின் குறையைத்தான். யூனிலீவர் கேட்ட ஆவணத்துக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் அந்த விவசாயியைக் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. பாமாயிலே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தீர்வில்லை. ஒரு ஹெக்டேரில் மூன்று டன்னுக்கு மேல் தரும் மரத்தை விட்டுவிட்டு, அரை டன் தரும் சோயாவுக்குப் போனால் இன்னும் பல மடங்கு நிலம் வேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் இருக்கும் பெரிய ஓட்டை நம் பக்கம் இருக்கிறது. வில்மார் ஒருவரிடம் வாங்குவதை நிறுத்தினால், அவர் கேள்வி கேட்காத வேறு சந்தையைப் பார்த்துப் போகிறார். உலகில் அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. இங்கே கேட்பதெல்லாம் விலை மட்டும்தான். விலை பார்ப்பதில் தப்பில்லை. மாதச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் வீட்டுக்கு அதுதான் முதல் கேள்வி. ஆனால் 2021இல் 11,040 கோடி ரூபாயில் அறிவித்த தேசிய இயக்கத்தின்கீழ் வடகிழக்கிலும் ஆந்திரம், தெலங்கானாவிலும் எண்ணெய்ப்பனை பரவுகிறது. ஒரு பகுதியை ஒரு கம்பெனிக்கு ஒதுக்கிவிட்டால், வெட்டிய குலையை மறுநாளுக்குள் விற்றாக வேண்டிய விவசாயிக்கு அந்த ஆலையைத் தவிர வேறு வாசல் இல்லை. அங்கேயும் கம்பெனிகள் விவசாயிகள் கூட்டம் நடத்தும், அறிக்கை போடும். விலை கட்டவில்லை என்றால் அந்த விவசாயி யாரிடம் போவார் என்று இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பிடி இருக்கிறது. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலை நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு வாங்குகிறது. மாநிலத்தில் 2 கோடிக்கு மேல் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய கொள்முதல்காரர் சொன்னால் எந்தச் சப்ளையரும் கேட்பார். சுத்திகரித்த நிறுவனம் எந்தெந்த ஆலைகளிலிருந்து எண்ணெய் வாங்கியது என்ற பட்டியலையும், அந்த ஆலைகள்மீது நிலுவையில் உள்ள புகார்களையும் டெண்டரோடு இணைக்க வேண்டும் என்று அரசு ஒரு நிபந்தனை சேர்க்கட்டும். பட்டியலைக் கொடுப்பதற்காக லிட்டருக்கு ஒரு பைசா கூட ஏற்ற வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களிடம் அது ஏற்கெனவே தயாராக இருக்கிறது.