சர்க்கரையும் நானும் – 11: நோட்டில் நாலாவது கட்டம்

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு போட்டவள் நான். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. வந்த பிள்ளைக்குக் காலையில் ஒரு கோடு, மதியம் ஒரு கோடு. வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் ‘ஏ’. மூன்று நாள் சேர்ந்தாற்போல் ‘ஏ’ விழுந்தால் அதே தெருவிலிருந்து வருகிற பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வாடா” என்று அனுப்பிவிடுவேன்.

அப்படிப்பட்டவளின் சர்க்கரை நோட்டில் போன வருஷம் பிப்ரவரியில் 19 நாள் காலி. தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்று மூன்று கட்டம். மூன்றும் வெள்ளை.

சென்ற வாரம் மாத்திரை டப்பாவைத் திறந்து, எந்த மாத்திரை உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தோம். அவற்றை விழுங்குகிற ஆள் எப்படி இருக்கிறாள் என்பது இந்த வாரம்.

அந்த 19 நாளும் மாத்திரை போடாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். காலையும் இரவும் மெட்பார்மின், காலைச் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. பெரும்பாலும் எல்லாம் உள்ளே போயின. மற்றதெல்லாம் நின்றது. வாசலில் தண்ணீர் தெளிப்பதோடு சரி, கோலம் இல்லை. பூக்காரம்மா கொடுத்துவிட்டுப் போன முல்லை அரும்பு சமையலறை ஜன்னலில் தொடுக்காமலே பழுப்பேறிக் கிடந்தது. அழுகை வந்திருந்தாலாவது கவலை என்று பெயர் வைத்திருப்பேன். அதுவும் வரவில்லை. எதைப் பார்த்தாலும் ‘சரி, இருக்கட்டும்’ என்று ஒரு மந்தம்.

“மாத்திரைதான் ஒழுங்கா போடுறியே, அப்புறம் என்ன?” என்றார் வீட்டுக்காரர். தங்கை போனில், “சுகர் இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் சகஜம்க்கா” என்றாள்.

தங்கை சொன்னது பொய்யில்லை. சர்க்கரை இல்லாதவர்களைவிட இருப்பவர்களுக்கு மனச்சோர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-லேயே கணக்கிட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னூறு வருஷத்துக்கு முன்னால், 17-ஆம் நூற்றாண்டில், சர்க்கரை நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிக்கிறது என்று எழுதிவைத்த இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட நாள் துக்கம்தான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று நினைத்தார். நோய் முந்தியா துக்கம் முந்தியா என்ற வழக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்றைக்குத் தெரிந்தவரை அது இரண்டு பக்கமும் போய்வருகிற பாதை. மனம் சோர்ந்தால் நடை நிற்கிறது, சாப்பாடு தாறுமாறாகிறது, கார்டிசால் என்ற ஹார்மோன் கூடிச் சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. சர்க்கரை ஏறினால் உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகி, மனம் இன்னும் தாழ்கிறது.

ஆனால் ‘சகஜம்’ என்ற சொல்லில் ஒரு வம்பு இருக்கிறது. சளி சகஜம் என்று விட்டுவிட்டுத்தான் பல பேர் நெஞ்சுச் சளியில் போய் முடிகிறார்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்த மந்தத்துக்கு மாத்திரைதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதி, நாலு நாள் சர்க்கரை மாத்திரை இரண்டையும் நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு ஐந்து தடவை எழுந்தேன். சொம்புத் தண்ணீர் போதவில்லை. ஐந்தாம் நாள் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் 286. மனசோ இருந்த இடத்திலேயே இருந்தது. மாத்திரை மேல் சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நாமே நிறுத்தக் கூடாது. வகுப்பில் நூறு தடவை எழுதச் சொல்லும் தண்டனை எனக்குக் கிடைத்திருந்தால் இந்த வரியைத்தான் எழுதியிருப்பேன்.

அதுவரை நான் பார்த்துவந்த டாக்டர் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். “எட்டு புள்ளி நாலு. ஸ்வீட் சாப்பிடுறீங்க” என்று சீட்டு எழுதுவதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார். 286-க்குப் பிறகு அண்ணன் மகள் என்னைப் பிடிவாதமாக வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்ன வயதுப் பெண். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்று தெரிந்ததும் ‘டீச்சர்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். “இந்த ரெண்டு வாரமா, வழக்கமா பிடிச்ச வேலையில நாட்டமில்லாம இருக்கா டீச்சர்? மனசு தாழ்ந்து, நம்பிக்கையில்லாம இருக்கா?” இரண்டுக்கும் ஆமாம் என்றேன். தூக்கம், பசி, அசதி, கவனம், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் என்று மொத்தம் ஒன்பது கேள்விகள். உலகம் முழுக்க இந்த ஒன்பதைத்தான் கேட்கிறார்களாம். 27-க்கு 10 வந்தாலே கவனிக்க வேண்டும். எனக்கு 14.

“உடனே ஒரு பேரு வைக்க வேண்டாம். சிக்கு விழுந்த நூலாட்டம் இருக்கு, ஒவ்வொண்ணா பிரிப்போம்” என்றார். நாலு நூல் வந்தது.

முதல் நூல், லோ சுகர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் இன்சுலினைச் சுரக்கவைப்பவை. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. அதோடு, காரணமில்லாத கோபமும் அழுகையும் வரும் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் பதினொரு மணிக்குக் கீரைக்காரப் பாட்டியிடம் ஒரு கட்டு கீரைக்காகக் கத்தியிருக்கிறேன். அடுத்த முறை அப்படி வந்தபோது டாக்டர் சொன்னபடி குத்திப் பார்த்தேன்: 61. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிரஷருக்குச் சிலர் போடும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும் என்பதால் அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மறுநாள் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். “போம்மா, வெயிலுக்கு எல்லாரும்தான் கத்துறாங்க” என்றார்.

இரண்டாவது நூல், வைட்டமின் பி12. மெட்பார்மின் நல்ல மாத்திரை. 1957-இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து கோடிக்கணக்கான பேரைக் காப்பாற்றிவருகிறது. ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது தடுக்கக்கூடும். அளவு கூடக் கூட, வருஷம் ஆக ஆக வாய்ப்பு கூடும். கல்லீரலில் சில வருஷத்துக்கான இருப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. நான் எட்டு வருஷமாகத் தினம் 2 கிராம் போடுகிறவள். போதாக்குறைக்குச் சைவம், பி12 என்று உள்ளே போவது பாலிலும் தயிரிலும் இருக்கிற கொஞ்சம்தான். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருப்பதைச் ‘சுகர்னா அப்படித்தான்’ என்று விட்டிருந்தேன். பரிசோதித்தால் 158. அந்த ஆய்வகத்தில் 200-க்குக் கீழே போனாலே குறைவு. பி12 குறைந்தால் அசதி, மறதி, மனத் தாழ்வு எல்லாம் வரும். ஊசி போட்டார்கள். மெட்பார்மின் போடுகிறவர்களில் குறைபாட்டு வாய்ப்புள்ளவர்களுக்கு இதை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவுறுத்தியது. கூடவே தைராய்டையும் பார்த்தார். அது சரியாக இருந்தது.

மூன்றாவது நூல், நோயோடு குடித்தனம் நடத்துகிற அலுப்பு. இதை மனச்சோர்விலிருந்து தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். 1995-இல் வில்லியம் போலன்ஸ்கியும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் இதற்கென்றே 20 கேள்விகள் தயாரித்தார்கள். 100-க்கு 40 தாண்டினால் பாரம் அதிகம் என்று பொருள். எனக்கு 55. ஏன் இருக்காது? வீட்டுக்கே பாயசம் வைக்கிறவள் நான். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில் விட்டுப் பார்க்கும்போதே நாலு கண்கள் என் கரண்டியைப் பார்க்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் ஜாங்கிரி விழுவதற்குள், “டீச்சருக்கு வைக்காதீங்க, சுகர்” என்று யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ1சி, அந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு மையில் மார்க் போட்டவளுக்கு, 8.4 என்று அச்சடித்து வந்த தாள் ரேங்க் கார்டு மாதிரிதான் தெரிந்தது.

இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். “ஏ1சி மூணு மாசத்து மழைக் கணக்கு மாதிரி டீச்சர். மழை குறைஞ்சா ஊரை ஃபெயில் ஆக்குவீங்களா?”

நாலாவது நூல், மனச்சோர்வு என்கிற நோயேதான். மூன்று நூலைப் பிரித்தெடுத்து ஆறு வாரம் கழிந்தும் என் கணக்கு 14-லிருந்து 11-க்குத்தான் இறங்கியிருந்தது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார எனக்குக் கால் வரவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனால், பெஞ்சில் பழைய மாணவன் ஒருவனின் அம்மா. “தூக்கம் வரலை டீச்சர், அதான்” என்று தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு, என்னை ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான். அத்தனை நாள் பயம் அந்த ஒரு முழ இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அங்கே முதலில் கேட்டது, என்னென்ன சர்க்கரை மாத்திரை போடுகிறேன் என்று. மனச்சோர்வு மாத்திரைகளில் சில பசியையும் எடையையும் கூட்டும். சில சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிவிடும். ஆரம்ப வாரங்களில் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும். டுலோக்செடின் போன்றவை நரம்புப் பாதிப்பால் வரும் கால் எரிச்சலுக்கும் உதவும். அதனால் இரண்டு டாக்டருக்கும் இரண்டு சீட்டையும் காட்டுவது கட்டாயம். எதுவும் மறுநாளே வேலை செய்யாது; சில வாரம் பிடிக்கும்.

சர்க்கரைக்கும் போடப்படுகிற, எடை குறைக்கும் புதிய ஊசிகள் தற்கொலை எண்ணத்தைத் தூண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். செமாகுளூடைடு வகை மருந்துகளை ஆராய்ந்த ஐரோப்பிய மருந்து முகமையின் குழு, அப்படி ஒரு தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்று 2024 ஏப்ரலில் முடிவு சொன்னது. ஆனாலும் எந்த மருந்து தொடங்கிய பிறகும் மனம் மாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மனநலப் பிரிவில் எனக்கு மாத்திரையோடு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார்கள். ஆசை வந்த பிறகு கோலம் போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. நாலு புள்ளி வைத்துப் போட்டுவிட வேண்டும். ஆசை பின்னால் வரும். முதல் வாரம் நாலு புள்ளிக் கோலத்தைக் கடமைக்கு இழுத்தேன். ஐந்தாம் வாரம் ஒருநாள் கை தானாக எட்டுப் புள்ளி வைத்தது.

எனக்கு நடந்தது தனி அதிர்ஷ்டம் இல்லை. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினத்துச் சர்க்கரை மருத்துவமனைகளில் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; முடிவு 2020-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஓர் ஒருங்கிணைப்பாளர். டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற பணியாளர். நோயாளியோடு தொடர்பிலேயே இருந்து, மனசையும் எண்களையும் விசாரித்து, டாக்டர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. இரண்டு வருஷ முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, பிரஷர், கொழுப்பில் ஒன்றாவது முன்னேறியவர்கள் இந்தப் பக்கம் 71.6 சதவீதம், வழக்கமான பக்கம் 57.4 சதவீதம்.

அதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது, ‘என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வாடா’ என்று நான் அனுப்பிய பையன்கள்தான். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலை அண்ணன் மகளுடையது. ஞாயிறு காலை போன் வரும். “அத்தை, நோட்டை எடுங்க” என்பாள்.

கேட்க ஆள் இல்லாதவர்கள் 14416-ஐக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கூப்பிடுங்கள்; மாத்திரை டப்பாவையும் இன்சுலினையும் வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

என் நோட்டில் இப்போது நாலாவது கட்டம் ஒன்று கோடு போட்டிருக்கிறேன். அதில் மார்க் கிடையாது, பள்ளிக்கூட வருகைதான். மனசு காலையில் இருந்தால் ஒரு கோடு, மதியமும் இருந்தால் இன்னொரு கோடு. பிப்ரவரியின் 19 நாளுக்கும் சிவப்புப் பேனா தேடியெடுத்து ‘ஏ’ போட்டேன். காலியாக இருந்தவரை அந்த நாட்களை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று வெறும் வயிற்றில் 128. காலையில் ஒரு கோடு விழுந்துவிட்டது. மதியம் எப்படி என்று மதியம் பார்ப்போம்.

(தொடரும்)