கீபோர்டைத் தொடாத பயனர்

புரட்டாசி பிறந்தால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் உளுந்து, பாசி, மக்காச்சோள விதைப்பு களைகட்டும். எல்லாம் மானாவாரி, வடகிழக்குப் பருவமழையை நம்பிய பாடு. விதைத்த கையோடு அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு பொது சேவை மையத்துக்குப் போகிறார் சம்சாரி. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய வேண்டும். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கும் இளைஞர் தட்டிக்கொண்டே போக, இவர் பக்கத்தில் நின்று சர்வே நம்பர் சொல்கிறார். உட்பிரிவு எண்ணில் ஒன்று பிசகினாலும், வேறு யாருடைய புஞ்சையோ இவர் பெயரில் ஏறிவிடும்.

இந்த மென்பொருளின் பயனர் யார்? தட்டுகிறவரா, நிற்கிறவரா?

நிரல் எழுதுமுன் தீர்க்கவேண்டிய கேள்வி இது. எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்வீடன் பொறியாளர் ஐவார் யாக்கோப்சன் இதற்கு 1980களில் ஒரு வழி வகுத்தார். ‘யூஸ் கேஸ்’ என்று பெயர். 1992இல் நூலாக விரித்து எழுதினார். 1997இல் தரமாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல். வரைபட மொழியிலும் அது சேர்ந்தது. ஒரு கட்டம் போட வேண்டும், அதுதான் மென்பொருள். கட்டத்துக்கு வெளியே குச்சி மனிதர்கள். அவர்கள் ஆட்கள் அல்லர், பதவிகளும் அல்லர். ஏதோ ஒரு காரியத்துக்காக அந்த மென்பொருளை நாடி வரும் பாத்திரங்கள். அந்தக் காரியம்தான் யூஸ் கேஸ். ஒரே ஆள் இரண்டு பாத்திரம் ஏற்கலாம். ஒரே பாத்திரத்தில் நூறு பேர் வரலாம். மனிதரே இல்லாமல் வங்கியின் கணினியும் ஒரு பாத்திரமாகலாம்.

இந்தக் கணக்குப்படி மையத்து இளைஞர் கை மட்டும்தான். காரியம் சம்சாரியுடையது. இருவரையும் ‘பயனர்’ என்ற ஒரே பெயரில் அடைத்தால், பதிந்தவர் யார், யாருக்காகப் பதிந்தார் என்பது பின்னால் தெரியாமல் போகும்.

‘விவசாயி’ என்ற பாத்திரமே அவ்வளவு சுலபமில்லை. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். பங்காளி திருப்பூரில் இருப்பார். உழுது விதைப்பவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்தவர். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம். ஆகவே நிலத்துக்கு உரியவர், பயிர் செய்பவர் இருவரும் தனித்தனிப் பாத்திரங்கள். பல வீடுகளில் இரண்டும் ஒருவரே என்பதால் இதை ஒன்றாக்கிவிடத் தோன்றும். அங்கேதான் குத்தகைதாரர் விழுந்துபோகிறார்.

விதி மாறினாலும் படம் மாறும். பயிர்க்கடன் வாங்கியவர்களை 2020க்கு முன்பு வங்கியே காப்பீட்டில் சேர்த்துவிடும், அது கட்டாயம். அந்த ஆண்டு காரிப் பருவத்திலிருந்து விருப்பம்தான் என்றார்கள். வேண்டாம் என்பவர் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் பழையவர், வங்கி பழையது. ஆனால் ‘விலகுதல்’ என்று இதுவரை இல்லாத ஒரு காரியம் அவருக்கு முளைத்துவிட்டது.

எனக்கு இதிலெல்லாம் பெரிய வியப்பு அறுவடைப் பரிசோதனைதான். இழப்பீடு பொதுவாக அவரவர் வயலைப் பார்த்துத் தரப்படுவதில்லை. கிராமம், பிர்க்கா என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் சில வயல்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, ஒரு சிறு பாத்தி அளவை அளந்து அறுத்து, அடித்து, எடைபோடுகிறார்கள். அந்தச் சராசரி மகசூல், வழக்கமான மகசூலைக் கொண்டு வகுத்த வரம்புக்குக் கீழே போனால் அந்தப் பகுதியில் அப்பயிருக்குக் காப்பீடு செய்த எல்லாருக்கும் இழப்பீடு. பாத்தி விழுந்த வயல்காரர் காப்பீடே செய்யாதவராக இருக்கலாம். எடையைப் பதிவது அலுவலர். படத்தில் அவருக்கு இடம் உண்டு. வயல்காரருக்கு?

யாக்கோப்சன் வழிப்படி கிடையாது; மென்பொருளிடம் அவருக்கு ஒரு காரியமும் இல்லை. பின்னாளில் இதே வழியை விரித்தெழுதிய அலிஸ்டர் கோபர்ன், படத்தில் வராவிட்டாலும் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரையும், அவரவர் அக்கறையையும் பக்கத்தில் எழுதிவைக்கச் சொன்னார். எழுதினால் இந்த வயல்காரருக்கும் ஒரு வரி கிடைக்கும்: அறுக்க வரும் நாளை முன்கூட்டியே அவருக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் அதற்குள் உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் போட்டுவிட்டால், ஊருக்காக அளக்க அந்த வயலில் பயிர் இருக்காது.